மூன்று அங்குலத்துக்குள் ஓர் ஓப்பினெல்: மடக்குக் கத்தியைப் பிரிட்டன் சட்டத்துக்கு ஏற்ப மாற்றியது குறித்த நிகழ்வு ஆய்வு

பிரிட்டனில் தெருவில் நடக்கும்போது எந்தக் காரணமும் சொல்லத் தேவையில்லாமல் பையில் வைத்திருக்கக்கூடிய கத்தி ஒரே ஒரு வகைதான். அது மடக்கும் பைக்கத்தியாக இருக்க வேண்டும். அதன் வெட்டுவாய் 3 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. மற்றபடி அலகுள்ள எந்தப் பொருளோடு பொது இடத்தில் நின்றாலும், அதற்குத் தகுந்த காரணம் இருந்தது என்று காட்டும் பொறுப்பு வைத்திருப்பவரையே சேரும். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமான 1988 குற்றவியல் நீதிச் சட்டத்தின் 139-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. மீறினால் அதிகபட்சம் 4 ஆண்டுச் சிறை. ஸ்கொட்லாந்தின் 1995 சட்டத்திலும் இதே 3 அங்குலம்தான்.

கத்தி ஆர்வலர்கள் கூடும் இடங்களில் இந்த 3 அங்குலத்தைப் பற்றித்தான் ஓயாமல் பேசுகிறார்கள். ஒரு கத்தியை இந்தச் சட்டத்துக்குள் கொண்டுவரும் வேலையில் நீளத்தைக் குறைப்பது சிறிய பாதி; திறந்த அலகு மடியாமல் பிடித்து நிறுத்தும் பூட்டை எடுப்பதும், பூட்டு செய்துவந்த காரியத்துக்கு மாற்று வழி செய்வதும்தான் பெரிய பாதி. கீழே விவரிக்கும் கத்தியில் இரண்டு பாதியும் இருந்தன. அதனால்தான் அதை எடுத்துக்கொண்டேன்.

கத்தியும் அதன் சொந்தக்காரரும்

லண்டன் புறநகரில் அலொட்மென்ட் (வாடகைக்குக் கிடைக்கும் சிறு தோட்டத்துண்டு) எடுத்துத் தோட்டம் செய்கிற ஓர் அண்ணையின் கத்தி இது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, பாரிஸில் நெடுங்காலம் உணவகச் சமையலறைகளில் வேலை பார்த்து, பிள்ளைகளுக்காக லண்டனுக்கு இடம்பெயர்ந்தவர். கத்தி பாரிஸில் வாங்கியது: ஓப்பினெல் என்னும் பிரான்ஸ் நாட்டு மடக்குக் கத்தியின் 7-ஆம் எண் அளவு, கார்பன் எஃகு அலகு, பீச் மரப் பிடி, திருப்பினால் அலகைப் பூட்டும் ஒரு வளையம். பூசணிக் காம்பு வெட்டுவதும், போஞ்சிக் கொடிக்குக் கயிறு அறுப்பதும், பொழுதுபட ஓர் ஆப்பிளை நறுக்கித் தின்பதும் அந்தக் கத்தியால்தான். அலகு பல ஆண்டுப் பழச்சாறு பட்டுச் சாம்பல் நிறமாகியிருந்தது. பிடியில் அவருடைய பெருவிரல் படும் இடம் மட்டும் வார்னிஷ் போய் வழவழப்பாக இருந்தது.

தோட்டத்துக்குப் போய்வரும் வழியில் அந்தக் கத்தியை வைத்திருக்க அவருக்கு நியாயமான காரணம் உண்டு. சிக்கல் அதன்பிறகுதான். “பஸ்ஸிலை வரேக்கை பொக்கெற்றுக்குள்ளைதான் கிடக்கும் தம்பி. அதோடையே கடைக்கும் போவன், கோயிலுக்கும் போவன்” என்றார். கோயில் வாசலில் நிற்கும்போது தோட்டம் ஒரு காரணமாக நிற்காது. மறந்துபோய் வைத்திருந்தேன் என்பதும் உதவாது. வேலைக்குக் கொண்டுபோன கத்தியைச் சில நாள் கழித்தும் பையிலேயே மறந்து வைத்திருந்தவருடைய கிரெக்சன் வழக்கில், மறதி தகுந்த காரணம் ஆகாது என்று நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது.

மலிவான வழிகள் இருந்தன. கத்தியைத் தோட்டக் கொட்டகையிலேயே பூட்டி வைத்துவிடலாம். அல்லது ஓப்பினெல் 5-ஆம் எண் வாங்கலாம். அதற்கு 6 செ.மீ. அலகு, பூட்டு வளையமே கிடையாது. இரண்டையும் சொன்னேன். கொட்டகை ஒருமுறை உடைக்கப்பட்டிருக்கிறது என்றார். மற்றதற்கு அவர் சொன்ன பதில் நியாயமானது. “புதுசு வாங்கலாம் எண்டு எனக்கும் தெரியும். ஆனா இதை விட்டிட்டு வேறை கத்தி எடுக்க மனம் வரேல்லை.” கையில் ஏற்கெனவே இருக்கும், மனதுக்கு நெருக்கமான ஒரு கத்தி என்றால் மட்டுமே இந்த வேலையில் இறங்கலாம் என்பது என் கருத்து. மாற்றுவதற்கென்றே ஒரு பூட்டுக் கத்தியைப் புதிதாக வாங்குவது வீண். விக்டோரினாக்ஸின், மடித்த நிலையில் 91 மி.மீ. நீளமுள்ள சுவிஸ் கத்திகளில் பூட்டு இல்லை; ஸ்பைடர்கோ நிறுவனம் பிரிட்டன் சட்டத்தை மனதில் வைத்தே ‘யூகே பென்நைஃப்’ என்று ஒரு மாதிரி வெளியிட்டது. புதிதாக வாங்குவோருக்கு வழி திறந்தே இருக்கிறது.

சட்டம் முதலில் பார்ப்பது பூட்டை

1988 சட்டத்தின் வாசகத்தில் ‘பூட்டு’ என்ற சொல்லே இல்லை. மடக்கும் பைக்கத்தி என்றுதான் இருக்கிறது. பூட்டிக்கொள்ளும் கத்தியும் மடங்கத்தானே செய்கிறது என்று யாரும் நினைக்கலாம். நினைத்து வழக்காடியும் இருக்கிறார்கள். 1993 தீர்ப்புத் தொகுப்பில் வெளியான ஹாரிஸ் வழக்கில் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பைக்கத்தி எந்த நேரத்திலும், உடனடியாக, மடிக்கும் செயல் ஒன்றாலேயே மடிய வேண்டும். ஒரு பொத்தானை அழுத்தி விடுவித்த பிறகுதான் மடியும் என்றால், திறந்த நிலையில் அது நிலைத்த அலகுக் கத்திக்குச் சமம் என்பது தீர்ப்பின் சாரம். 1998-இல் டீகன் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. நாடாளுமன்ற விவாதத்தில் அமைச்சர்கள் பேசியதை ஆதாரமாகக் காட்டி வாதாடினார்கள். அந்தப் பேச்சு போதிய தெளிவோடு இல்லை என்று நீதிமன்றம் ஒதுக்கியது.

ஆகவே 2 அங்குல அலகுள்ள பூட்டுக் கத்திக்கும் இந்த விலக்கு கிடையாது. கடையில் சிறிய கத்தியாகப் பார்த்து வாங்கி, சட்டத்துக்குள் இருக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருக்கும் பலர் சறுக்குவது இங்கேதான். லெதர்மேன் வேவ் போன்ற, கத்தியும் குறடும் ஒன்றாக மடங்கும் பல்கருவிகளின் வெளி அலகுகளும் பூட்டிக்கொள்பவையே. தொழிலுக்குக் கொண்டுபோகிறவருக்குக் காரணம் இருக்கும்; சும்மா இடுப்பில் மாட்டிக்கொண்டு திரிகிறவருக்கு இருக்காது.

‘எந்த நேரத்திலும்’ என்ற சொற்கள் நம் கத்திக்கு முக்கியம். ஓப்பினெலின் வளையத்தைத் திருப்பினால்தான் அலகு பூட்டும். திருப்பாமல் விட்டால் பூட்டாது. அப்படியானால் திருப்பாமல் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்ல முடியுமா? பூட்டக்கூடிய கத்தி பூட்டக்கூடியதாகவே இருக்கும். வளையத்தை ஒட்டுப்பசை போட்டு அசையாமல் நிறுத்துவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. பசை விட்டுப்போகும், பார்ப்பவர் கண்ணுக்கும் வளையம்தான் தெரியும். நான் வழக்கறிஞன் அல்ல. ஆனால் இப்படிப்பட்ட வேலையில் சட்டத்தின் மிகக் கடுமையான வாசிப்பையும் நிறைவுசெய்யும்படி கத்தியை மாற்றுவதுதான் நேர்மையான வழி என்று நம்புகிறேன். எனவே வளையம் முழுதாகப் போக வேண்டும் என்று முடிவு செய்தோம்.

இந்த முடிவு ஓப்பினெலின் வரலாற்றோடும் ஒத்துப்போகிறது. பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓப்பினெல் 1890-இல் இந்தக் கத்தியை வடிவமைத்தபோது அதில் வளையம் கிடையாது. மரப் பிடி, உலோகப் பூண், குறுக்கே ஓர் ஆணி, அலகு, அவ்வளவே. ‘விரோப்லாக்’ எனப்படும் பூட்டு வளையத்தை அவருடைய மகன் மார்செல் ஓப்பினெல் 1955-இல்தான் சேர்த்தார். இன்றும் 5-ஆம் எண் வரையிலான சிறிய அளவுகள் வளையம் இல்லாமலேயே வருகின்றன. அதாவது வளையத்தைக் கழற்றினால் அரைகுறைக் கத்தி எதுவும் மிஞ்சாது. சவோய் விவசாயிகள் அறுபது ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்திய கத்திதான் திரும்பக் கிடைக்கிறது. மரத்தின் இறுக்கம் மட்டுமே அலகைப் பிடித்து நிறுத்தும் கத்தி அது.

நீளத்தை எங்கிருந்து எங்கே அளப்பது

7-ஆம் எண்ணின் அலகு 8 செ.மீ.; 3 அங்குலம் என்பது 7.62 செ.மீ. பார்த்தால் 4 மி.மீ. குறைத்தால் போதும்போல் தெரியும். ஆனால் சட்டம் அளக்கச் சொல்வது அலகை அல்ல, வெட்டுவாயை. வெட்டுவாய் வளைந்தது. நேர்கோட்டில் அளந்தால் ஓர் அளவு, வளைவோடு நூல் பிடித்து அளந்தால் அதைவிடச் சற்றுக் கூடுதல். எப்படி அளக்க வேண்டும் என்று 139-ஆம் பிரிவு விளக்கவில்லை. சிலர் இதைச் சாதகமாக எடுத்துக்கொண்டு, முனையைத் தொடாமல், பூணுக்கு அருகே வெட்டுவாயின் அடிப்பகுதியை மட்டும் மழுக்கி, வெட்டுவாய் குறைந்துவிட்டது என்கிறார்கள். வாசகத்தின்படி வாதம் செய்யலாம். ஆனால் ஸ்கேல் வைத்துப் பார்க்கும் காவலர் பூணிலிருந்து முனைவரை வைத்துப் பார்த்தால் 8 செ.மீ. காட்டும், பிறகு தெருவில் நின்று விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

மழுக்குவது என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். 2005-இல் ப்ரூக்கர் வழக்கில், கூரும் இல்லாத முனையும் இல்லாத வெண்ணெய்க் கத்தியைக்கூட அலகுள்ள பொருள் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. அந்த வழக்கு 3 அங்குலக் கணக்கைப் பற்றியது அல்ல. ஆனாலும் தீட்டாமல் விட்டால் கத்தி கத்தியில்லாமல் போய்விடாது என்பதை அது காட்டுகிறது. கல்லில் நாலு தேய்ப்புத் தேய்த்து மழுக்கிய இடத்தை இன்னொரு நாலு தேய்ப்பில் கூராக்கிவிடலாம். வெட்டுவாய் இல்லை என்று சொல்ல வேண்டுமானால், அங்கே வாய் என்ற வடிவமே இல்லாமல் உலோகம் தட்டையாக நிற்க வேண்டும்.

இதனால் இரண்டு பக்கமும் குறைப்பதென்று தீர்மானித்தேன். முனையிலிருந்து 5 மி.மீ. குறைத்தால் பூணிலிருந்து முனைவரை 75 மி.மீ.; எப்படி அளந்தாலும் இந்த அளவே சட்டத்துக்குள் நின்றுவிடும். அதற்கு மேல், அடியில் 5 மி.மீ. தட்டையாக்கினால் வெட்டுவாய் 70 மி.மீ. ஆகிவிடும். அடியைத் தட்டையாக்குவதற்குச் சட்டத்தைவிட முக்கியமான இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

7.62 செ.மீ. என்ற எண் இந்தியாவிலும் இருக்கிறது. டெல்லி நிர்வாகத்தின் 1980 அறிவிக்கை, ஸ்பிரிங்கோ பொத்தானோ வேறு இயந்திர அமைப்போ கொண்டு திறந்து மூடும் கத்திகளில், அலகு 7.62 செ.மீ. அல்லது அதற்கு மேல் நீளமும் 1.72 செ.மீ. அல்லது அதற்கு மேல் அகலமும் உள்ளவற்றைக் கட்டுப்படுத்துகிறது. பிரிட்டனில் ‘தாண்டக் கூடாது’. டெல்லியில் ‘அல்லது அதற்கு மேல்’. சரியாக 7.62 உள்ள அலகு முதலாவதில் தப்பும், இரண்டாவதில் மாட்டும். இந்தியா முழுமைக்குமான 2016 ஆயுத விதிகளில் எல்லை வேறு: 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, அதிலும் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்தவை நீங்கலாக. அமெரிக்காவில் பொஸ்டன், சிகாகோ நகரங்களின் விதிகளில் 2.5 அங்குலம். ஆகவே இந்த ஆய்வின் அளவுகளை யாரும் அப்படியே தங்கள் ஊருக்கு எடுத்துப்போகக் கூடாது. உங்கள் ஊர்ச் சட்டம் எதை அளக்கிறது, எந்தச் சொல்லால் அளக்கிறது என்று முதலில் பாருங்கள்.

வேலை

அலகைத் திறந்து, வெட்டுவாயின் மேல் மாஸ்கிங் டேப்பைப் பல சுற்றுச் சுற்றி, அதன்மேல் துணி. இதைச் செய்யாமல் எந்தக் கருவியையும் கையில் எடுக்கக் கூடாது. விரோப்லாக் வளையம் ஓரிடத்தில் பிளந்த ஸ்பிரிங் எஃகு வளையம். பூணின் மேல் தன் இறுக்கத்தால் உட்கார்ந்திருக்கிறது. பிளந்த வளையங்களை விரிப்பதற்கான சர்க்கிளிப் குறட்டின் இரண்டு மூக்கையும் பிளவுக்குள் விட்டு மெதுவாக அகட்டினால் வளையம் விரியும். விரித்தபடியே அலகின் பக்கமாக நகர்த்தி வெளியே எடுத்துவிடலாம். ஆணியைத் தொட வேண்டியதில்லை, மரத்துக்கும் காயமில்லை. வளையம் இருந்த இடத்தில் எண்ணெயும் தோட்ட மண்ணும் சேர்ந்து இறுகிய கறுப்புக் கோடு; அதைத் துடைத்ததும் கீழே புதுக்கத்தியின் பளபளப்போடு பூண் தெரிந்தது.

அண்ணை பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “வளையம் இல்லாட்டி விரலிலை மடிஞ்சிடாதோ?” என்று கேட்டார். அதுதான் சரியான கேள்வி. அதற்கான பதில்தான் மிச்ச வேலை முழுவதும்.

முதலில் முனை. முனையை வெட்டுவாயின் பக்கத்திலிருந்து தேய்க்கக் கூடாது. முதுகின், அதாவது கூரில்லாத எதிர் விளிம்பின், பக்கத்திலிருந்து தேய்த்துக் கீழே இறக்க வேண்டும். பூணிலிருந்து 75 மி.மீ. தூரத்தில் வெட்டுவாயின் மேல் ஒரு புள்ளி; அதற்கு 2 செ.மீ. பின்னால் முதுகில் ஒரு புள்ளி. இரண்டையும் மார்க்கரால் மெல்லிய வளைவாக இணைத்தேன். அந்தக் கோட்டுக்கு மேலுள்ள உலோகம் போனால், வெட்டுவாய் தன் பழைய வடிவிலேயே இருக்கும், முதுகு சரிந்து வந்து அதைத் தொடும். ஷெஃபீல்டில் செய்யும் பழைய விவசாயக் கத்திகளில் பலவற்றுக்கு இப்படிச் சரிந்த மொட்டை முனைதான். தோட்டத்துக்கு இது வசதி. கயிற்றை இழுத்து அறுக்கும்போது பக்கத்துக் கொடியைக் குத்தாது. கத்தியை மடித்தாலும் பழைய முனையைவிட ஆழமாகப் பிடிக்குள் இறங்கி நிற்கும்.

கார்பன் எஃகில் சாதாரண அரம் வழுக்கும். சிறிய சுழல் கருவியில் வெட்டும் தட்டு மாட்டிக் கோட்டுக்கு வெளியே ஒரு மி.மீ. விட்டு அறுத்தேன், மிச்சத்தை முரட்டு வைரத் தகட்டில் தண்ணீர் விட்டுக் கையாலேயே தேய்த்து எடுத்தேன். இங்கே எதிரி சூடு. எஃகு ஏறக்குறைய 230 டிகிரியில் வைக்கோல் நிறம் காட்டும், 300-ஐ நெருங்கும்போது நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் துவைச்சல், அதாவது எஃகுக்கு ஏற்றிய கடினம், போய்விட்டது என்று பொருள்; பிறகு அந்த முனை கூரைத் தாங்காது. முனைதான் அலகிலேயே மெல்லிய இடம், சூடு தங்க அங்கே உலோகம் இல்லை. அதனால் கையுறை போடாமல் அலகை வெறும் விரலால் பிடித்துக்கொண்டேன். விரல் சுடுவதற்கு முன் தண்ணீரில் முக்கு, எடு, ஓர் ஒற்று, மறுபடி முக்கு. கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம். தட்டு உடைந்து தெறித்தால் முகத்துக்குத்தான் வரும்.

பிறகு அடி. பூணுக்கு முன்னால் 5 மி.மீ. வரை வைர அரத்தால் வெட்டுவாயை முழுதாக எடுத்து, அலகின் தடிப்பளவு தட்டையாக்கி, ஓரங்களைச் சாண்ட் பேப்பரால் உருட்டிவிட்டேன். வெட்டுவாய் தொடங்கும் இடத்தில் உருண்டை அரத்தால் ஒரு சின்னக் குழி. தீட்டும்போது கல் அந்தக் குழியில் வந்து முடியும். அளக்கிறவருக்கும் வாய் எங்கே தொடங்குகிறது என்பது ஐயமில்லாமல் தெரியும்.

அண்ணையின் கேள்விக்கு முதல் பதில் இந்தத் தட்டையான 5 மி.மீ.தான். பூட்டில்லாத கத்தி கைதவறி மடிந்தால் சுட்டுவிரலின் மேல் முதலில் வந்து விழுவது அலகின் அடிப்பகுதி. அங்கே கூர் இருந்தால் எலும்புவரை வெட்டும். தட்டையாக இருந்தால் விரலில் இடித்து நிற்கும். பூட்டை எடுப்பவர் இந்த வேலையைச் செய்யாமல் கத்தியைத் திருப்பிக் கொடுத்தால் அது பொறுப்பில்லாத வேலை என்பேன்.

எல்லாம் முடிந்து வெர்னியர் வைத்தபோது பூணிலிருந்து முனைவரை 75 மி.மீ.க்கு ஒரு மயிரிழை குறைவு. வெட்டுவாய் நேர்கோட்டில் 70. காகித நறுக்கை வளைவோடு ஒட்டி அளந்தால் 71-ஐச் சற்றுத் தாண்டியது. எந்த வாசிப்பிலும் 76.2-க்குக் கீழே.

பூட்டு போன இடத்தில் இறுக்கம்

வளையம் இருந்தவரை ஆணி தளர்ந்திருந்தது யாருக்கும் தெரியவில்லை. வளையம் போனதும் அலகு தன் எடையிலேயே தொங்கியது. மடித்த கத்தி பைக்குள் தானே திறந்துகொள்ளும் நிலை; இது திறந்த கத்தி மடிவதைவிட ஆபத்து.

ஓப்பினெலில் அலகைப் பிடித்து நிறுத்துவது மரம். பூண் மரத்தை நெருக்குகிறது, மரம் அலகை இரு பக்கமும் நெருக்குகிறது, ஆணி எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டுகிறது. எனவே இறுக்கம் ஆணியிலிருந்து வர வேண்டும். முதலில் கத்தியைச் சூடான அறையில் சில நாள் காயவிட்டேன். பீச் மரம் ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். ஊதிய மரத்தின் மேல் இறுக்கத்தைச் சரிசெய்தால் கோடையில் மறுபடி தளர்ந்துவிடும். காய்ந்த பிறகு வைஸின் (மேசையில் பொருத்திய பிடிகருவி) தாடைகளுக்கு மரத்துண்டு வைத்துப் பூணின் இரு பக்கங்களையும் மெல்ல நெருக்கினேன். பிறகு ஆணியின் ஒரு தலையை எஃகுக் கட்டையின் மேல் ஊன்றி, மறு தலையைச் சிறு சுத்தியலால் தட்டினேன். வலுவாக ஓர் அடி அடித்தால் மரம் வெடிக்கும். மெதுவான தட்டு, திருப்பி வைத்து மறுபுறம் ஒரு தட்டு, அலகைத் திறந்து மூடிப் பார்ப்பது, மறுபடி தட்டு.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் இந்த வேலையின் நுட்பம் முழுவதும் இருக்கிறது. மடித்த கத்தியைத் தலைகீழாகப் பிடித்து உதறினால் அலகு அசையக் கூடாது. திறந்த கத்தியின் முதுகைப் பெருவிரலால் அழுத்தினால் எதிர்ப்பு தெரிய வேண்டும். ஆனால் அண்ணைக்கு விரல் மூட்டுகளில் வாதம். நகப்பள்ளத்தில் நகம் மாட்டி அவரால் திறக்கவும் வேண்டும். எனக்குச் சரியாக இருந்த இறுக்கம் அவருக்கு அதிகமாக இருந்தது. அதனால் கடைசித் தட்டுகள் எல்லாவற்றையும் அவர் கையில் கொடுத்துத் திறக்கச் சொல்லிப் பார்த்துத்தான் போட்டேன். கத்தியைப் பயன்படுத்தப் போகிறவர் பக்கத்தில் இல்லாமல் இந்த வேலையை முடிக்க முடியாது.

கடைசியாக ஆளி விதை எண்ணெயை மரத்தின் பிளவுக்குள் ஊறவிட்டு, காய்ந்ததும் தேன்மெழுகு தேய்த்தேன். ஈரம் உள்ளே போவதை இது மட்டுப்படுத்தும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளி விதை எண்ணெய் காயும்போது சூடாகித் தானே தீப்பற்றும். விரித்துக் காயவைத்துப் பிறகு போடுங்கள்.

கழற்றிய வளையத்தை என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் சின்ன இழுபறி. “அதை என்னட்டைத் தாரும், பேர்ஸுக்குள்ளை வைக்கிறன்” என்றார். “அண்ணை, வீட்டிலை எங்கையாவது வையுங்கோ. கத்தியோடை கொண்டு திரியாதேங்கோ” என்றேன். கத்தியும் அதற்குப் பூட்டக்கூடிய வளையமும் ஒரே பையில் இருந்தால், செய்த வேலைக்கு அர்த்தம் குறைந்துபோகும். மேசை இழுப்பறைக்குள் போட்டிருப்பதாகப் பிறகு சொன்னார்.

பயன்பாட்டில்

பூட்டு இல்லாத கத்தியைப் பிடிக்கும் முறை வேறு. விசை எப்போதும் வெட்டுவாயின் பக்கம் இருக்க வேண்டும். அப்போது அலகு மேலும் திறக்கவே பார்க்கும். முனையால் துளை போடுவது, உரமூட்டையைக் குத்திக் கிழிப்பது, முதுகில் தட்டிப் பிளப்பது எல்லாம் அலகை மடிக்கும் திசையில் விசை கொடுக்கும் வேலைகள். அவற்றுக்குக் கொட்டகையில் ஒரு நிலைத்த கத்தி இருக்கட்டும் என்று ஒத்துக்கொண்டார். மொட்டை முனையும் இதற்கு உதவியது. குத்தும் ஆசையே வராது.

தேய்த்த முனை முதலில் வெள்ளி நிறமாகப் பளிச்சென்று தனித்துத் தெரிந்தது. வினிகரில் நனைத்து நிறம் ஏற்றித் தரட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். வெங்காயமும் ஆப்பிளும் வெட்ட வெட்ட அதுவும் பழைய அலகின் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது.

மழைக்காலத்தில் மரம் ஊதி அலகு பிடிக்குள் சிக்கிக்கொண்டது. எதிர்பார்த்ததுதான். இதற்குச் சவோய்க்காரர்களின் பழைய வழி ஒன்று இருக்கிறது. பிடியின் பின்பக்க நுனியை மேசை விளிம்பில் ஓங்கித் தட்டினால் அலகு அசைந்து சற்று வெளியே எழும்பும், பிறகு பிடித்து இழுக்கலாம். அதைச் செய்துகாட்டிய பிறகு அவர் என்னைத் தேடி வரவில்லை. கோடையில் மட்டும் ஆணிக்கு ஓரிரு தட்டு தேவைப்பட்டது.

கத்தி இப்போது சட்டத்தின் விலக்குக்குள் இருக்கிறது என்பதற்கு ஓர் எல்லை உண்டு. 1953 குற்றத் தடுப்புச் சட்டத்தின்படி, ஒருவரைக் காயப்படுத்தும் நோக்கத்தோடு வைத்திருந்தால் எந்தப் பொருளும் ஆயுதம்தான். 3 அங்குலக் கணக்கு அங்கே செல்லாது. நீதிமன்றக் கட்டடம், விமான நிலையம் போன்ற இடங்களின் வாசல் சோதனைக்கும் அதனதன் விதிகள் உண்டு. இதை அவரிடம் வாய்மொழியாகச் சொன்னதோடு நிறுத்தாமல் எழுதியும் கொடுத்தேன்.

எந்தக் கத்தியில் இதைச் செய்யக் கூடாது

இந்தக் கத்தியைப் பார்த்துவிட்டு வேறு சிலரும் தங்கள் கத்திகளைக் கொண்டுவந்தார்கள். பெரும்பாலானவற்றைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. ஓப்பினெலில் பூட்டு வெளியே போட்ட வளையம். எடுத்தாலும் கத்தியின் உடல் குறைபடாது. மற்றக் கத்திகள் அப்படியல்ல. லைனர் லாக் வகையில் பிடிக்குள் இருக்கும் வளைந்த தகடுதான் பூட்டு. அதே தகட்டில் உள்ள சின்னக் குண்டுதான் மடித்த அலகைத் திறக்காமல் பிடித்தும் வைக்கிறது. தகட்டை எடுத்தால் கத்தி பூட்டாது, மூடியும் நிற்காது. ஃப்ரேம் லாக்கில் பிடியின் ஒரு பக்கமே பூட்டு. அங்கே எடுப்பதற்கே ஒன்றுமில்லை. பேக் லாக் வகையில் முதுகுப் பட்டை அலகின் அடியிலுள்ள சதுரப் பள்ளத்தில் விழுந்து பூட்டும். அந்தப் பள்ளத்தைச் சரிவாகத் தேய்த்தால் பூட்டு வெறும் ஸ்பிரிங் அழுத்தமாக மாறும் என்பது உண்மை. ஆனால் சரிவு கொஞ்சம் கூடினால் அலகு தொளதொளக்கும், குறைந்தால் பூட்டு அரைகுறையாக மிஞ்சும். அரைகுறைப் பூட்டு சட்டத்துக்கும் ஆகாது, விரலுக்கும் ஆகாது. அதைத் தொழிலாகச் செய்யும் கத்திக் கொல்லரிடம்தான் கொடுக்க வேண்டும்.

பொத்தானை அழுத்தினால் ஸ்பிரிங்கில் பாயும் கத்தியையும், உதறினால் எடையில் விழுந்து திறக்கும் கத்தியையும் கையிலேயே வாங்கவில்லை. 1959 சட்டம் அவற்றின் விற்பனையைத் தடுத்தது. 2019 ஆயுதச் சட்டத்தின் விதிகள் 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பிறகு வீட்டுக்குள் வைத்திருப்பதே குற்றம். அந்த வகைக் கத்தியை யாராவது மாற்றித் தரச் சொன்னால், மாற்றுவதற்கு எடுத்துப்போகவும் வேண்டாம், காவல் நிலையத்தில் ஒப்படைக்க முன்கூட்டியே தொலைபேசியில் பேசி ஏற்பாடு செய்யுங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.